லோத்குண்டா மழையும் ஒரு பேக் பிளேட்டும்

படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் நாலு இடம் பார்த்து, நாலு பேரிடம் பேசிவிட்டு எழுதுவார்கள். நான் ஹைதராபாத் வரை போய் சார்மினாரைக்கூடப் பார்க்காமல் திரும்பியவன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. திண்டுக்கல்லில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறேன். கூட்டமாக ஆட்கள் நின்றால் என் குரல் எனக்கே கேட்காது. ஆனாலும் அந்த ஊரில் ஒரு பழைய காரின் சக்கரத்துக்குள் பார்த்ததைப் பற்றி என்னால் தயங்காமல் சொல்ல முடியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

என்னைக் கூப்பிட்டது என் தங்கை கலா. அவள் கணவர் சுதாகர் செகந்திராபாத் தமிழர். வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். சனத்நகரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி, ஏசி, பவர் ஸ்டீயரிங், முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் என்று ஆசை ஆசையாக மாற்றி வைத்திருக்கிறார். பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஸ்ரீசைலம் போவதாக ஏற்பாடு. வழியெல்லாம் காடு, மலை வளைவுகள்.

அதற்கு முன்பே ஒரு மழை நாளில் கலா அந்தக் காரில் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்திருக்கிறாள். பிரேக்கை மிதித்ததும் வண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நடைபாதையில் ஏறிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. வண்டியில் கோளாறு இல்லை, மிதித்த காலில்தான் கோளாறு என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டாராம்.

"அண்ணே, நீ வந்து பாரு" என்றாள் போனில். "பிரேக் சரியா இருக்குன்னு நீ உன் வாயால சொன்னா நான் ஏறுறேன். இல்லன்னா நானும் போகல, பிள்ளையையும் அனுப்பல."

கலாவுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான். சிறுமலையில் வாழைத்தார் ஏற்றப் போகும் என் அம்பாசிடரில், அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில்தான் பழகினாள். அவள் கால் எப்படி மிதிக்கும் என்று எனக்குத் தெரியும். மண்டியைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் ஒரு டீக்கடையில் நின்றேன். அங்கே டீ நம் ஊர் மாதிரி ஆற்றித் தருவதில்லை. பாலைத் தனியாகக் காய்ச்சிக் காய்ச்சி, பாயசம் மாதிரி ஆக்கி, அதில் டிகாக்‌ஷனை ஊற்றிச் சின்னக் கோப்பையில் தருகிறார்கள். கூடவே உப்பும் இனிப்புமாக ஒரு பிஸ்கட். பக்கத்தில் நின்றவர் பிஸ்கட்டை முழுசாக டீக்குள் இறக்கி, உடைவதற்கு ஒரு நொடி முன்னால் வாய்க்குக் கொண்டுபோனார். நான் செய்து பார்த்தேன். என்னுடையது கோப்பைக்குள் விழுந்துவிட்டது. அவர் தன் கரண்டியை என்னிடம் நீட்டினார். பேச்சு ஒன்றும் இல்லை. எனக்கு அந்த ஊர் அப்போதே பிடித்துவிட்டது.

ஆட்டோக்காரரிடம், தங்கை வீடு இருக்கும் லோத்குண்டா என்றேன். அவர் ஹிந்தியில் எதையோ கேட்டார். எனக்குப் புரியவில்லை, திரும்பக் கேட்கவும் கூச்சம். தலையை ஆட்டி வைத்தேன். அவர் கொண்டுபோய் இறக்கியது ஒரு பட்டாளத்து கேட் முன்னால். துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் என் கையிலிருந்த வாழைத்தாரைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகுதான் நான் திண்டுக்கல் என்று எப்படியோ கண்டுபிடித்து, தமிழிலேயே வழி சொன்னார். அவருக்குச் சொந்த ஊர் நத்தம். தாரிலிருந்து ஒரு சீப்பு அங்கேயே குறைந்தது.

வீட்டில் சுதாகரின் அம்மா வரவேற்றார்கள். நான் அவர்களை அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை பேசும் தமிழில் பாதி அந்த ஊர் பாஷை; ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்கு கைக்கு. "ஹவ்ப்பா, ரயில்ல தூங்கினியா? காப்பி நக்கோன்னு சொல்லாத, போட்டாச்சு" என்றார்கள். கலாவின் மகள் தர்ஷினி நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் தெலுங்கில் பதில் சொன்னாள். அவளுக்கு நான் பேசுவது புரிகிறது, அவள் பேசுவது எனக்குப் புரியவில்லை. மாமன் உறவுக்கு அது போதும்.

மதியம் பிரியாணி. இதைப் பற்றி ஒரு திண்டுக்கல்காரன் சும்மா இருக்க முடியாது. அரிசி விரல் நீளத்துக்கு உதிரி உதிரியாக, வாசனை பிரமாதம். ஆனால் மசாலா அரிசிக்குள் போகவில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. நம் சீரகச் சம்பா குட்டையாக இருந்தாலும் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளை காரைக் காட்டினார். மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக விளக்கினார். கடைசியில் பிரேக்குக்கு வந்தார்.

"பேக் பிளேட்டைக் கழட்டிட்டேன் மச்சான். டிஸ்க்குக்கு அது தேவையே இல்ல. வெளிநாட்டுக்காரங்க வீடியோ போட்டிருக்காங்க. ரேஸ் வண்டில எவனும் வைக்கிறதில்ல. காத்து நல்லா பட்டு டிஸ்க் சூடாகாம இருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வண்டியில் இருப்பது டிரம் பிரேக். அதில் சக்கரத்தின் உள்பக்கம் இருக்கும் பேக் பிளேட் என்ற தகடுதான் முதுகெலும்பு. டிரம்மை அழுத்திப் பிடிக்கும் ஷூ, ஸ்பிரிங் எல்லாம் அதில்தான் உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றினால் பிரேக்கே இல்லை. இவர் கழற்றிவிட்டுச் சிரிக்கிறார்.

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கை நனைத்துவிட்டு, மாப்பிள்ளை சொல்வதை மறுத்துப் பேசுவதில்லை. வயதில் சின்னவராக இருந்தாலும் அவர் மாப்பிள்ளை. "நீங்க செஞ்சா யோசிச்சுத்தான் செஞ்சிருப்பீங்க மாப்பிள்ளை" என்றேன். அவரும் விடவில்லை. "இல்ல மச்சான், மலையில ஓட்டுறவர் நீங்க. நீங்க வேணாம்னா வேணாம்" என்றார். நான் "அப்படியில்ல" என்றேன். அவர் "இல்லல்ல, நீங்க சொல்லுங்க" என்றார்.

மாடிப்படியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கலாவுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு பேரும் இப்படியே மரியாதை குடுத்துக்கிட்டே இருங்க. வண்டி பள்ளத்துல கிடக்கும்போது அங்கயும் நின்னு நீங்க முதல்ல ஏறுங்க, நீங்க முதல்ல ஏறுங்கன்னு சொல்லிக்கலாம்."

அத்தை உள்ளேயிருந்து, பயந்தவளுக்கு வண்டியெல்லாம் இழுக்கத்தான் செய்யும் என்றார்கள். கலா துணியை உதறிய சத்தம் பலமாகக் கேட்டது. அந்த வீட்டில் அவள் சொல்வதை நம்ப ஆள் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிரேக்கைவிட அதுதான் பெரிய விஷயம்.

மறுநாள் நானும் மாப்பிள்ளையும் மல்லாபூர் போனோம். டிஸ்க் மாற்றிக் கொடுத்த மெக்கானிக் காஜா பாயின் ஷெட் அங்கே இருக்கிறது. போகும் வழியில் தள்ளுவண்டியில் இட்லி. சாம்பார் கிடையாது. இட்லி மேலேயே நிலக்கடலைச் சட்னியைக் கொட்டி, காரப்பொடி தூவி, நெய் விட்டுத் தருகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் சுற்றிலும் நின்று சாப்பிடுகிறார்கள், ஒருவர் தட்டிலும் மிச்சம் இல்லை. நம் ஊர்க்காரர்கள் சாம்பார் வாளிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அவர்கள் சாப்பிட்டு மிஷின் முன்னால் போய் நின்றுவிடுவார்கள்.

காஜா பாய் நல்ல உயரம், தாடிக்கு மருதாணி. நான் சைகையும் அரைகுறை வார்த்தைகளுமாக, பேக் பிளேட் இல்லாமல் பிரேக் எப்படி நிற்கும் என்று கேட்டேன். அவர் என்னைக் கையோடு இழுத்துப் போய், தூக்கி வைத்திருந்த ஒரு ஜீப்பின் சக்கரத்துக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். சக்கரத்தோடு சுற்றும் இரும்பு வட்டம்தான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பேட்கள் தனியாக ஒரு கெட்டியான தாங்கியில் உட்கார்ந்திருக்கின்றன. இதில் பேக் பிளேட் என்பது டிஸ்க்கின் உள்பக்கம் இருக்கும் ஒரு மெல்லிய தகடு. எதையும் தாங்கவில்லை. சும்மா மறைத்துக்கொண்டு நிற்கிறது.

"இவருக்கு டிரம் தவிர ஒன்றும் தெரியாதா?" என்று அவர் ஹிந்தியில் கேட்டதை மாப்பிள்ளை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. அவர் சிரித்ததிலேயே தெரிந்துவிட்டது.

தகட்டைப் பற்றி காஜா பாயின் கருத்து ரொம்பச் சுருக்கம். அவர் மாட்டித்தான் கொடுத்தாராம், இருந்தால் சேறு தெறிக்காது, பக்கத்திலிருக்கும் ரப்பர்கள் சூட்டில் சீக்கிரம் போகாது, ஆனால் அது இல்லாததால் பிரேக் பிடிக்காமல் போகாது. சொல்லிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே காய்ந்த ரோட்டில் வேகமாகப் போய், ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பிரேக்கை மிதித்தார். வண்டி கயிறு பிடித்த மாதிரி நேராக நின்றது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார்.

அவர் அங்கிருந்து சனத்நகருக்கு ஆபீஸ் போனார். நான் பஸ்ஸில் திரும்பினேன். முன் வாசலில் ஏறிவிட்டேன். அது பெண்கள் ஏறும் வாசல். கண்டக்டரம்மா தெலுங்கில் சொன்னது என்னவென்று பின்னால் இருந்த ஒருவர் தமிழில் சொன்னார்: "சேலை கட்டிக்கிட்டு வந்திருந்தா டிக்கெட்டும் மிச்சம்கிறாங்க." பஸ் முழுக்கச் சிரித்தது. பெண்களுக்கு இலவசப் பயணம் அங்கேயும் உண்டு. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தேன். கலாவிடம் என்ன சொல்வது என்றுதான் யோசனை. வண்டி நேராக நின்றதை என் கண்ணால் பார்த்துவிட்டேன். அவள் கால் தப்பாக மிதிக்காது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்?

அதற்கு அடுத்த நாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஹைதராபாத் மழைக்கு நம் ஊர் மழை மாதிரி முன்னறிவிப்பு கிடையாது. இருட்டவும் இல்லை, காற்றும் இல்லை, திடீரென்று வாளியோடு கவிழ்க்கிறது. பாறை நிலம் என்பதால் தண்ணீர் உள்ளே போகாமல் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ரோட்டில் ஓடுகிறது.

மாப்பிள்ளைக்கு அன்று விடுமுறை. கலா சாவியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "வாங்க, இப்ப போவோம். காஞ்ச ரோட்டுல பார்த்தது போதும்."

அவள் ஓட்ட, மாப்பிள்ளை பக்கத்தில், நான் பின்சீட்டில். பட்டாளத்து மதில் ஓரமாகப் போகும் ரோட்டில் ஒரு தாழ்வான இடத்தில் முழங்கால் அளவுக்குக் குறைவாகச் செந்நீர் தேங்கியிருந்தது. அதில் இறங்கி ஏறினாள். முன்னும் பின்னும் வண்டி இல்லை என்று பார்த்துவிட்டுப் பிரேக்கை மிதித்தாள். வண்டியின் மூக்கு சட்டென்று இடது பக்கம் திரும்பியது. அவள் ஸ்டீயரிங்கை வெட்டிப் பிடித்தாள். இரண்டாவது முறை மிதித்தபோது நேராக நின்றது.

மாப்பிள்ளை இறங்கி நனைந்துகொண்டே சுற்றி வந்து, தானே ஓட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். திருப்பிக்கொண்டு வந்து அதே தண்ணீரில் இறங்கி ஏறி மிதித்தார். அதே இடது பக்கம். மதிலுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. கலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெயித்தவள் முகம் மாதிரி இல்லை அது. இத்தனை நாள் தன் மேல் தனக்கே வந்திருந்த சந்தேகம் விலகிய முகம்.

வீட்டுக்கு வந்ததும் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈரத் தரையில் படுத்து இடது சக்கரத்துக்குள் டார்ச் அடித்தேன். தகடு இருந்தது. காஜா பாய் காட்டிய அதே மாதிரி, டிஸ்க்கை மறைத்துக்கொண்டு, வெளிப்புறம் முழுக்கச் சேறோடு. வலது பக்கம் போனேன். தகடு இல்லை. டிஸ்க்கின் உள்பக்கம் முழுக்கச் செம்மண் குழம்பு, ஓரங்களில் மணல் கீறிய கோடுகள். சேறும் தண்ணீரும் ஏறி வலது பக்கம் வழுக்க, இடது பக்கம் மட்டும் பிடித்து வண்டியை இழுத்திருக்கிறது.

"மாப்பிள்ளை, ஒரு பக்கம்தான் கழட்டியிருக்கீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். வலது சக்கரத்தில்தான் கீச்சென்று சத்தம் வந்ததாம். வண்டிக்குப் பூஜை போட்ட மறுநாளிலிருந்து. தகடுதான் டிஸ்க்கில் உரசுகிறது என்று நினைத்து, வீடியோவையும் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போராடி நெளித்து வெளியே இழுத்திருக்கிறார். கை சிராய்த்துவிட்டது. இடது பக்கம் சத்தம் போடவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டவர் அப்படியே மறந்துவிட்டார். காஜா பாயும் நானும் இரண்டையும் கழற்றிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டோம். குனிந்து பார்க்க எங்களுக்கும் தோன்றவில்லை.

அந்தத் தகடு பால்கனியில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடந்தது. கலாதான் எடுத்து வந்தாள். அதன் விளிம்பு மடிப்பில் கருகிய துண்டு ஒன்று இறுகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். தேங்காய்ச் சிரட்டைச் சில்லு. முகர்ந்தால் இன்னும் தீய்ந்த வாசனை.

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம்.

"ஹவ், நான்தான் உடைச்சேன்" என்றார்கள் அத்தை, கொஞ்சமும் அசராமல். "சக்கரத்துக்குப் பூஜைன்னா சக்கரத்துக்கிட்டதான் உடைப்பாங்க. எலுமிச்சம்பழம் அதுக்கடியில, தேங்காய் அதுக்குப் பக்கத்துல. கைக்கு என்னையே பாக்குறீங்க?"

சிதறிய தேங்காயில் ஒரு சில்லு சக்கரத்தோடு சுற்றி உள்ளே போய்த் தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மாட்டியிருக்கிறது. சத்தம் போட்டது தேங்காய், தண்டனை தகட்டுக்கு. தர்ஷினி அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

"சரி மச்சான், இடது பக்கத்தையும் கழட்டிட்டா ரெண்டும் ஒரே மாதிரி ஆயிடும்ல? இழுக்காது" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம். நான் வழக்கம்போலத் தலையை ஆட்டப் போனேன். கலா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைக் கூப்பிட்டது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

"இழுக்காது மாப்பிள்ளை. ஆனா தண்ணியில இறங்கி ஏறினதும் முதல் மிதியில ரெண்டு பக்கமும் சேர்ந்து ஏமாத்தும். ஒத்தைப் பக்கம் ஏமாத்துறதே மதில் வரைக்கும் கொண்டு வந்திருச்சு. மலையில ரெண்டாவது மிதிக்கு இடம் இருக்காது. ரெண்டு பக்கமும் தகடு வேணும். அது இல்லாம என் தங்கச்சி ஏற வேண்டாம்."

என் வாழ்க்கையில் ஒரு மாப்பிள்ளையிடம் நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அத்தை உள்ளே போய்விட்டார்கள். மாப்பிள்ளை தகட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கலாவிடம், "அன்னைக்கு உன்னைச் சொன்னது தப்பு" என்றார். அவ்வளவுதான். கார் சாவியைத் தேடினார்.

மல்லாபூரில் காஜா பாய் வலது சக்கரத்தை நடுவிலிருக்கும் ஹப்போடு கழற்றி, தகட்டைச் சுத்தியலால் தட்டி நேராக்கி, டிஸ்க்கில் படாத அளவுக்கு இடைவெளி பார்த்து மாட்டினார். டிஸ்க்கைச் சுத்தம் செய்து, பேட்களை லேசாகத் தேய்த்துக் கொடுத்தார். தேங்காய்க் கதையைக் கேட்டுவிட்டு, பூஜை போட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், தேங்காயை மட்டும் வண்டிக்கு நாலு அடி முன்னால் உடைத்துக் கூட்டித் தள்ளிவிட்டு எடுங்கள் என்றார். என் முதுகில் தட்டி ஏதோ சொன்னார். மாப்பிள்ளை இந்தத் தடவை மொழிபெயர்த்தார்: "டிரம்காரருக்கு டிஸ்க்கும் வந்துருச்சுங்கிறார்." பிறகு காஜா பாய் எங்களுக்கு வெங்காயம் வைத்த குட்டிச் சமோசாக்கள் வாங்கித் தந்தார். ஒரு வாய்க்கு ஒன்று. அது நம் ஊருக்கும் வர வேண்டும்.

ஆகவே நான் தெரிந்துகொண்டதை நேராகச் சொல்லிவிடுகிறேன். டிரம் பிரேக்கில் பேக் பிளேட் இல்லாமல் பிரேக் இல்லை. டிஸ்க் பிரேக்கில் அது மறைப்புத் தகடு மட்டுமே, அது இல்லாமலும் வண்டி நிற்கும். பந்தய மைதானத்தில் ஓடுகிற வண்டிக்கு வேண்டாம் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மழையிலும் சேற்றிலும் பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிற மாற்றிய பழைய காருக்கு அது வேண்டும். டிஸ்க்குக்குப் பொருந்தவில்லை என்றால் பொருந்துகிற மாதிரி வெட்டிச் செய்துகொள்ள வேண்டும். சத்தம் போட்டால் கழற்றுவதற்கு முன்னால் உள்ளே என்ன மாட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கழற்றுவதை எந்த நிலைமையிலும் செய்யக் கூடாது.

திரும்பும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. பட்டாளத்து மதில் ரோட்டில் தண்ணீர் அப்படியே நின்றது. வழியில் கலாவையும் ஏற்றிக்கொண்டோம். மாப்பிள்ளை தானாகவே இறங்கி அவளுக்கு ஸ்டீயரிங்கைக் கொடுத்தார். அவள் காலையில் செய்தது போலவே தண்ணீரில் இறங்கி ஏறினாள். பிரேக்கை மிதித்தாள். வண்டி கொஞ்சம் அடக்கமாக, ஆனால் நேராக, ரோட்டின் நடுவில் நின்றது. இன்னும் ஒரு முறை செய்தாள். பிறகு, மாப்பிள்ளை கேட்காமலேயே, மூன்றாவது முறையும் செய்தாள்.

பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, "சொல்லுண்ணே" என்றாள்.

"ஏறலாம்" என்றேன்.

"மலையில யார் ஓட்டுறது?" என்றாள். என்னைக் கேட்கவில்லை.

மாப்பிள்ளை கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டே, "ஏறும்போது நான். இறங்கும்போது நீ" என்றார்.

மறுநாள் காலை அவர்கள் மூன்று பேரும் ஸ்ரீசைலம் போனார்கள். நான் செகந்திராபாத்தில் ரயில் ஏறினேன். அன்று மழை பெய்யவில்லை.